ரப்பரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், தம்பி

இசைக் கேள்வி – பதில்

போன மாதம் பத்தியின் கடைசியில், சொந்தமாக மெட்டுப் போட்டுப் பார்க்கிறவர்கள் இருந்தால் எழுதுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இவ்வளவு பேர் இருப்பீர்கள் என்று நினைக்கவே இல்லை. கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: எழுதியதைத் திருத்துவது. அதனால் இந்த மாதம் ராகம், தாளம், கிரேடு தேர்வு பற்றிய கேள்விகளுக்கு விடுமுறை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் இசையமைப்பாளன் இல்லை. இருபத்தெட்டு வருடம் கோலாலம்பூரில் வாத்தியக் குழுக்களுக்கு நோட்டுப் பிரதி எடுத்துக் கொடுத்தவன். மற்றவர்கள் எழுதியதை, அடித்ததை, அடித்ததற்கு மேல் எழுதியதை, அதையும் அடித்ததைக் கண் எரிய எரியப் பார்த்தவன். இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியறையில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித் தருகிறேன்.

கே: நான் பியானோவுக்குச் சின்னச் சின்னதாக எழுதிப் பார்க்கிறேன். ஒரு பக்கம் முடிக்கப் பத்துத் தடவை அழிக்கிறேன். மொசார்ட் எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே முடித்துவிட்டு, ஓர் அடித்தல்கூட இல்லாமல் எழுதுவாராம். அப்படியென்றால் எனக்கு இது வராது என்றுதானே அர்த்தம்?
– ஐந்தாம் படிவ மாணவர், கிள்ளான்

ப: தம்பி, உங்களுக்கு இதைச் சொன்னவர் மேல் கோபப்பட முடியாது. எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

அந்தக் கதை பரவியதற்கு ஒரு கடிதம் பெரிய காரணம். மொசார்ட் இறந்தது 1791-இல். 1815-இல் ஜெர்மனியில் ஓர் இசைப் பத்திரிகையில் ரோஹ்லிட்ஸ் என்பவர், மொசார்ட் எழுதிய கடிதம் என்று ஒன்றை அச்சிட்டார். உருப்படி முழுவதும் ஒரு சித்திரத்தைப் பார்ப்பது போல ஒரே பார்வையில் மனசில் தெரியும், தாளில் இறக்குவது மட்டும்தான் பாக்கி என்று அதில் வரும். அந்தக் கடிதம் போலி என்று ஆய்வாளர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். கடிதம் செத்தது, கதை சாகவில்லை.

மொசார்ட் தன் பெயரைப் போட்டுச் சொன்னது வேறு. 1785-இல் ஆறு ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டுகளை (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்து வாசிப்பவை) மூத்த இசையமைப்பாளர் ஹைடனுக்குச் சமர்ப்பணம் செய்து வெளியிட்டார். அந்தச் சமர்ப்பண உரையில் அவற்றை 'நீண்ட, கடினமான உழைப்பின் பலன்' என்கிறார். முதல் குவார்ட்டெட்டை எழுதியது 1782-இல். ஆக மூன்று வருடக் கதை. அவற்றின் கையெழுத்துப் பிரதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அடித்தல் திருத்தல் தாராளமாகவே உண்டு. இது தவிர, தொடங்கிப் பாதியில் விட்ட துண்டுகள் நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன.

அவர் வேலை செய்த விதம் பிரதி எடுக்கிறவனுக்குப் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பெரிய தாளில் எல்லா வாத்தியத்துக்கும் கோடு போட்டிருக்கும். முதலில் மேல் வரியில் மெட்டு, அடி வரியில் பேஸ் (கீழ் ஸ்தாயி வரி), இரண்டை மட்டும் எழுதிக்கொண்டே போவார். நடுவில் எல்லாம் காலி. தூணும் உத்தரமும் நின்ற பிறகு சுவர் எழுப்புகிற மாதிரி, இன்னொரு நாள் உட்கார்ந்து நடு வரிகளை நிரப்புவார். அன்றைக்கு மசி வேறாக இருக்கும். அதனால் இன்றைக்கும் அந்தத் தாள்களைப் பார்த்து, இது முதல் நாள், இது அடுத்த நாள் என்று சொல்லிவிட முடிகிறது. அதாவது அவரிடமும் வரைவு இருந்தது. அதே தாளில், சுத்தப் பிரதிக்கு அடியிலேயே இருந்ததால் நம் கண்ணுக்குப் படவில்லை.

பீத்தோவன் நேர் எதிர். வீட்டு மேசையில் பெரிய நோட்டு, மசி. வெளியே நடக்கப் போனால் சட்டைப் பையில் சின்ன நோட்டு, பென்சில். ஒரு வரி மெட்டை எழுதுவார், பிடிக்காது, கீழே இன்னொன்று எழுதுவார், அதற்கும் கீழே இன்னொன்று. முன்னதைவிட நன்றாக வந்துவிட்டால் பக்கத்தில் பிரெஞ்சில் 'மெய்யர்' என்று குறித்துவைப்பார். 'இது மேல்' என்று அர்த்தம். நடுவில் எதையாவது செருக வேண்டுமானால், விட்ட இடத்தில் 'வி', தொடர வேண்டிய இடத்தில் 'டெ' என்று எழுதுவார். இரண்டையும் சேர்த்தால் 'விடெ', லத்தீனில் 'பார், கவனி' என்று அர்த்தம். சில இடங்களில் 'வி' இந்தப் பக்கத்தில் இருக்கும், 'டெ'யை ஐந்தாறு பக்கம் தள்ளித் தேட வேண்டும். இந்த மனிதருக்குப் பிரதி எடுத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் பாவமாக இருக்கிறது.

ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கத்தை உலகமே முணுமுணுக்கிறது, இல்லையா? அதற்கான கிறுக்கல்கள் 1804 வாக்கிலேயே நோட்டில் வந்துவிட்டன. மேடை ஏறியது 1808 டிசம்பர் 22-இல். அவருடைய ஒரே ஓபராவான (இசை நாடகம்) 'ஃபிடேலியோ' 1805-இல் ஒரு வடிவம், 1806-இல் இன்னொன்று, 1814-இல் மூன்றாவது. அதற்கு முன்னுரையாக வாசிக்கும் ஓவர்ச்சர் மட்டும் நான்கு எழுதினார்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. வியன்னாவில் அவர் வீடு மாற்றிக்கொண்டே இருந்தவர். நம் ஊரில் வாடகை வீடு மாற்றினவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு தடவையும் எதையாவது தூக்கிப் போட்டுவிட்டுத்தான் போவோம். அவர் அந்த நோட்டுகளைப் போடவில்லை. 1827-இல் அவர் இறந்தபோதும் கூடவே இருந்தன. ஏலத்தில் போய்ச் சிதறின. பிறகு ஆட்கள் வந்து, தையல் ஓட்டையையும் தாளின் நீர்க்குறியையும் பொருத்திப் பார்த்து, எந்தத் தாள் எந்த நோட்டில் இருந்தது என்று திரும்பக் கட்டினார்கள்.

சரி, உங்கள் பத்துத் தடவைக்கு வருகிறேன். பத்துத் தடவை திருத்துவதில் ஒரு குற்றமும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பது 'அழிக்கிறேன்'. அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஏன் என்றால் நான் ஒரு தடவை அழித்திருக்கிறேன்.

1980-களில் நடந்தது. மலாய்க்கார இசையமைப்பாளர் ஒருவர், பெரியவர், பென்சிலில் எழுதிய ஸ்கோரை (எல்லா வாத்தியத்துக்கும் சேர்த்து எழுதிய நோட்டு) கொடுத்திருந்தார். அதில் வயலின்களுக்கான எட்டு பார்களை (நோட்டில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டங்கள்) அடித்துவிட்டு மேலே புதிதாக எழுதியிருந்தார். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து கண்ணைக் குழப்பியது. நமக்குச் சுத்தம் முக்கியமாயிற்றே! பழையதை ரப்பரால் துடைத்து எடுத்துவிட்டு, புதியதைப் பார்த்து அழகாகப் பிரதி எடுத்தேன். ஒத்திகையில் அந்த எட்டு பார் வந்ததும் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். என் பக்கம் திரும்பி, "யாங் லாமா மானா?" என்றார். பழையது எங்கே என்கிறார். நான் தாளை நீட்டினேன். வெள்ளையாக இருந்தது. திட்டவில்லை. கேன்டீனில் போய் உட்கார்ந்தார், தே தாரிக் ஆறி ஆடை கட்டியது, பழசை ஞாபகப்படுத்தி எழுதிப் பார்த்தார். வந்தது பழசும் இல்லை, புதுசும் இல்லை. அதற்குப் பிறகு அவரிடமிருந்து எனக்கு வந்த ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 'ஜாங்ஙான் பாடாம்' என்று எழுதியிருக்கும். அழிக்காதே என்று.

அதனால், தம்பி, ரப்பரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். (ரப்பர் என்றால் நம் தாத்தாக்களுக்கு மரம்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது பென்சில் டப்பாவில் இருப்பதை.) பிடிக்காத வரியின் குறுக்கே ஒரே ஒரு கோடு போடுங்கள், கீழே இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி. ஓரத்தில் தேதி போடுங்கள். பத்தாவது வரி வந்ததும் முதல் வரியைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். மூன்று தடவைக்கு ஒரு தடவையாவது, முதலில் இருந்ததில் ஒரு சுரம் வேண்டியிருக்கும்.

கே: பீத்தோவனுக்குக் காது கேட்காதே. கேட்காதவர் எப்படித் திருத்தினார்?
– வாசகி, ஷா ஆலம்

ப: படித்துத் திருத்தினார், அம்மா. நீங்கள் இந்தப் பக்கத்தைச் சத்தம் போடாமல் படிக்கிறீர்கள், வார்த்தை உள்ளே கேட்கிறது அல்லவா? பழகினவர்களுக்கு நோட்டும் அப்படித்தான்.

1819-இல், காது அநேகமாக முழுதும் போன பிறகு, 'ஹாமர்கிளாவியர்' என்ற பெரிய பியானோ சொனாட்டாவை லண்டனில் அச்சிடுவதற்காகப் பழைய மாணவர் ஃபெர்டினாண்ட் ரீஸிடம் அனுப்பியிருந்தார். எல்லாம் தயாரான பிறகு ஒரு கடிதம் வருகிறது: மெதுவாக நகரும் பகுதியின் தொடக்கத்தில் இன்னும் இரண்டு சுரம் சேர்த்துக்கொள். ஆறு மாதம் முன்பு முடித்துவிட்ட, அவ்வளவு பெரிய உருப்படிக்கு இரண்டு சுரமா, என் குருவுக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று தனக்குத் தோன்றியதாக ரீஸே பிறகு எழுதியிருக்கிறார். சேர்த்து வாசித்துப் பார்த்தபின் அசந்துபோனாராம். யூடியூபில் கேளுங்கள். அந்த இரண்டு சுரமும் இரண்டு படி மாதிரி. ஏறின பிறகுதான் வாசல் வருகிறது. அதை விட்டுவிட்டு வாசித்தால் கதவைத் தள்ளிக்கொண்டு நடுவீட்டில் போய் நின்ற மாதிரி இருக்கும்.

கே: தியாகராஜரின் 'சக்கனி ராஜ' கீர்த்தனையை இரண்டு ஆசிரியைகளிடம் கற்றேன். சங்கதிகள் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்கள்) வேறு வேறாக இருக்கின்றன. ஒருவர் சொல்லித் தந்ததை மற்றவர் தப்பு என்கிறார். தியாகராஜர் எழுதியது எது?
– வாசகி, பட்டர்வொர்த்

ப: இரண்டு டீச்சர்களிடமும் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

தியாகராஜர் (1767–1847) சுரப்படுத்தி நூலாக வெளியிட்டுவிட்டுப் போகவில்லை. பாடினார், சீடர்கள் கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று சீடர் வழிகள் பிரிந்தன. வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் எழுதிவைத்த ஏடுகளும் நோட்டுகளும் மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்டன. ஆக, பீத்தோவனின் வரைவுகள் நோட்டில் கிடந்தன என்றால், நம் வாக்கேயக்காரர்களின் வரைவுகள் சீடர்களின் தொண்டையில் கிடந்தன. நாம் அதற்குப் பாடாந்தரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு சீடருக்கு ஒரு வருடம் சொல்லிக்கொடுத்ததை இன்னொருவருக்கு வேறொரு வருடம் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாம். எந்த வாத்தியாரும் அப்படித்தான் செய்வார். நானே போன வருடம் சொன்ன விரலை இந்த வருடம் மாற்றிச் சொல்கிறேன். அதற்கு மேல், பின்னால் வந்த வித்வான்கள் தங்கள் பங்குக்குச் சங்கதி கூட்டியிருக்கிறார்கள்.

சங்கதி என்பதையே யோசித்துப் பாருங்கள். பல்லவி வரியை முதலில் மொட்டையாகப் பாடுகிறோம். அடுத்த தடவை ஓர் இடத்தில் ஒரு வளைவு. அதற்கடுத்து அந்த வளைவிலிருந்து மேல் ஸ்தாயிக்கு ஒரு தாவல். 'சக்கனி ராஜ' கரகரப்பிரியாவில் அப்படியே படிப்படியாகப் பெருகிக்கொண்டு போகும். மேற்கத்திய இசையமைப்பாளர் இந்த ஏழெட்டு வரியையும் நோட்டில் எழுதிவிட்டு, கடைசி ஒன்றை மட்டும் ஊருக்குக் காட்டுவார். தியாகராஜர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எல்லாவற்றையும் சபையில் வரிசையாக உட்காரவைத்துவிட்டார். திருத்துகிற வேலையையே பாட்டாக்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றும். இசை அறிஞர்கள் ஒத்துக்கொள்வார்களோ என்னவோ, ஒரு பிரதி எடுக்கிறவனின் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது.

நம் ஆட்கள் எழுதவே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைக் கொண்டுவந்தார். தெலுங்கு எழுத்தில், கமகம் (சுரத்தின் அசைவு) ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி போட்டு, முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளை வரிவரியாக இறக்கியிருக்கிறார். அதற்கு முன்பே 1890-களில் சென்னையில் சின்னசாமி முதலியார் என்பவர் தியாகராஜ கீர்த்தனைகளை ஐந்து கோடு போட்ட மேற்கத்திய முறையில் எழுதி அச்சிட்டிருக்கிறார். மின்விசிறி இல்லாத காலத்தில் உட்கார்ந்து அத்தனை கமகத்தையும் கோட்டில் பிடிக்கப் பார்த்த மனிதரை நினைத்து நான் அடிக்கடி கையெடுத்துக் கும்பிடுவதுண்டு.

உங்களுக்கு என் யோசனை: ஒரு பாடாந்தரத்தை முழுதாகப் பாடம் செய்யுங்கள். மற்றதை நோட்டின் எதிர்ப்பக்கத்தில், யாரிடம் கற்றது, என்றைக்குக் கற்றது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலக்கிச் சாம்பார் வைக்காதீர்கள். மேடையில் எந்த டீச்சர் முன்வரிசையில் இருக்கிறாரோ, அவருடையதைப் பாடுங்கள்.

கே: வரும் தைப்பூசத்துக்காக முருகன் பாட்டு ஒன்று எழுதி, காவடிச் சிந்து நடையில் நானே மெட்டுப் போட்டேன். எங்கள் பஜனைக் குழுவில் ஏழு பேர், ஏழு விதமாக மாற்றச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், காஜாங்

ப: ஐயா, உங்களைவிட மோசமாக மாட்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு. ஆஸ்திரிய இசையமைப்பாளர் புரூக்னர். ஏழாம் சிம்பொனி பெயர் வாங்கிக் கொடுத்தது. தெம்பாக எட்டாவதை எழுதி முடித்து, 1887-இல், தன்னை ஆதரித்த இசைக்குழு நடத்துநர் ஹெர்மன் லெவிக்கு அனுப்பினார். எனக்குப் பிடிபடவில்லை என்று பதில் வந்தது. மனிதர் ஒடிந்துபோனார். 1890 வரை எட்டாவதைத் திருத்தினார். அதோடு விட்டாரா? எடுத்த கையோடு பழைய சிம்பொனிகளையும், முதலாவது வரைக்கும் போய்த் திருத்தத் தொடங்கினார். ஒன்பதாவது முடியவில்லை, 1896-இல் இறந்துவிட்டார். அந்தச் சில வருடங்கள் கையில் இருந்திருந்தால் முடித்திருப்பாரே என்று எனக்கு ஆற்றாமைதான்.

ஆனாலும் லெவி சொன்னதால் ஒன்றும் நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எட்டாவதின் முதல் பகுதி பழைய வடிவத்தில் பெரிய முழக்கத்தோடு முடியும். திருத்திய வடிவத்தில் விளக்கு எண்ணெய் தீர்ந்து அணைகிற மாதிரி அடங்கிவிடும். இரண்டையும் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அடங்குவதுதான் சரி.

பீத்தோவனுக்கும் இது நடந்தது. ஒரு குவார்ட்டெட்டின் முடிவாகப் பிரமாண்டமான ஃபியூக் (ஒரே மெட்டை வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்தி வாசிப்பது) ஒன்று எழுதியிருந்தார். 1826 மார்ச்சில் வாசித்தபோது கேட்டவர்களுக்குத் தலை சுற்றியது. பதிப்பாளர் தரப்பு, இதைத் தனியாக அச்சிடுகிறோம், குவார்ட்டெட்டுக்கு வேறு முடிவு எழுதித் தாருங்கள் என்றது. யாருக்கும் வளையாத அந்த மனிதர் எழுதிக் கொடுத்தார். பழசை அழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கு இரண்டும் இருக்கின்றன, வாசிக்கிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் ஏழு பேர் விஷயத்தில் வாய் சொல்வதை விடுங்கள், தொண்டை சொல்வதைக் கேளுங்கள். மூன்று வாரம் ஒத்திகை பாருங்கள். மூன்றாவது வாரமும் ஒரே இடத்தில் எல்லாரும் தடுக்கினால் தப்பு உங்கள் தாளில்தான், அங்கே மாற்றுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் தடுக்கினால் அது பயிற்சிக் குறைவு, மெட்டில் கை வைக்காதீர்கள்.

கடிதத்தோடு சரணத்தையும் எழுதி அனுப்பியிருந்தீர்கள், பாடிப் பார்த்தேன். பல்லவி நன்றாக இருக்கிறது. சரணத்தின் மூன்றாவது அடிதான் இடிக்கிறது. மூச்சு விட இடமே இல்லாமல் இரண்டு ஆவர்த்தனம் நீள்கிறது, போதாததற்கு மேல் ஸ்தாயி. உட்கார்ந்து பாட அது அழகு. ஆனால் பத்துமலையில் 272 படி ஏறிக்கொண்டே, பக்கத்தில் உறுமி அடிக்க, தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு பாடப் போகிறார்கள். 'வேலா' என்ற இடத்தில் வெட்டி, பின்பாட்டுக்காரர்களிடம் 'வேல் வேல்' என்று கொடுத்துவிடுங்கள். தலைப்பாட்டுக்காரருக்கு அதற்குள் இரண்டு படி மூச்சுக் கிடைத்துவிடும்.

கே: திருத்தம் என்றால் சுரத்தை மாற்றினால்தானா?
– வாசகர், சிரம்பான்

ப: இல்லை. நம் தேசிய கீதம் நெகாராகூவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுதந்திரத்துக்கு முன்பு பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன் போன்ற பெரிய ஆங்கிலேய இசையமைப்பாளர்களிடமெல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்து, எதுவும் சரிப்படாமல், கடைசியில் பேராக் மாநில கீதத்தின் மெட்டை எடுத்துக்கொண்டார்கள். 1990-களில் அணிவகுப்பு நடைக்கு வேகத்தைக் கூட்டினார்கள். 2003-இல் திரும்பவும் பழைய நிதானத்துக்கே வந்தாயிற்று. மெட்டு அதேதான், வேகம் மட்டும்தான் மாறியது. இரண்டு வேகத்திலும் நின்று பாடியவர்களைக் கேளுங்கள், இரண்டு வேறு பாட்டு என்பார்கள்.

கே: என் மகளுக்குப் பதினான்கு வயது. கணினியில் நோட்டு எழுதுகிறாள், அதுவே வாசித்தும் காட்டுகிறது. நீங்கள் கையால் எழுதச் சொல்லி அடம்பிடிப்பதாகக் கேள்விப்பட்டேன்.
– ஒரு தாய், செந்தூல்

ப: செந்தூலா? நான் வளர்ந்ததே அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில்தான்.

கணினிக்கு நான் எதிரி இல்லை, அம்மா. நான் எழுதிய காலத்தில் கண்ணாடி போன்ற தாளில் இந்தியன் இங்க்கில் எழுதி, அமோனியா இயந்திரத்தில் விட்டுப் பிரதி எடுப்போம். சட்டை முழுக்க அந்த நெடி. தப்பு வந்தால் சவரப் பிளேடால் மசியைச் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தாள் ஓட்டை. (பீத்தோவனும் இதற்குத் தப்பவில்லை. மூன்றாம் சிம்பொனியின் முகப்பில் நெப்போலியன் பெயரைச் சுரண்டிய வேகத்தில் ஓட்டை விழுந்த தாள் இன்னும் வியன்னாவில் இருக்கிறது.) அந்த வேலை திரும்ப வர வேண்டும் என்று நான் ஏன் ஆசைப்படப் போகிறேன்? நோட்டு எழுதும் மென்பொருள் மியூஸ்ஸ்கோர் இலவசமாகவே கிடைக்கிறது, மகள் தாராளமாகப் பழகட்டும்.

என் கவலை இரண்டுதான். ஒன்று, கணினிக்கு மூச்சு வாங்காது. புல்லாங்குழலுக்கு நாற்பது பார் இடைவெளி இல்லாமல் எழுதினாலும் மறுபேச்சு இல்லாமல் வாசித்துக் காட்டும். பிள்ளை அதை நம்பிவிடும். எழுதியதை ஒரு தடவையாவது யாராவது ஒரு மனிதர் வாசிக்கக் கேட்கட்டும். இரண்டாவது, கணினியில் திருத்தினால் பழசு போன இடம் தெரியாது. ரப்பர்கூடக் கொஞ்சம் தூளாவது விட்டுவைக்கும். அதனால் ஒவ்வொரு நாளும் கோப்பைத் தேதி போட்டு வேறு பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு தடவை அச்சும் எடுத்துக்கொள்ளட்டும். பல வருடம் எல்லாரும் நம்பியிருந்த ஃபினாலே மென்பொருளை 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். அதில் எழுதி வைத்திருந்த என் நண்பர்கள் கோப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்ற ஓடிய ஓட்டத்தைப் பார்த்தேன். 1804-இல் எழுதிய தாள் இன்றைக்கும் கையால் புரட்டினால் திறக்கிறது.

கே: எந்தப் பென்சில்?
– மாணவி, சுபாங்

ப: 2பி. ரொம்பக் கூராகச் சீவாதீர்கள், நோட்டின் தலையை ஒரே அழுத்தில் போட வேண்டும்.

கே: நாற்பது வருடமாக எழுதிய நோட்டுகள், முடித்ததும் முடிக்காததும், மூன்று பெட்டி இருக்கின்றன. பேப்பர் லாமா (பழைய பேப்பர்) லாரி வந்தால் போட்டுவிடுங்கள் என்கிறாள் மனைவி. இசையமைப்பாளர் பிராம்ஸ்கூட எரித்தாராமே?
– ஓய்வு பெற்ற இசை ஆசிரியர், ஈப்போ

ப: எரித்தார் சார். 1873-இல் இரண்டு குவார்ட்டெட்டுகளை வெளியிட்டார். அதற்கு முன் இருபது எழுதிக் கிழித்துப் போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பீத்தோவன் நிழல் பின்னால் விழுந்துகொண்டே இருந்தது அவருக்கு. முதல் சிம்பொனியின் முதல் பகுதியை 1862-இல் தோழியும் பியானோ கலைஞருமான கிளாரா ஷூமனிடம் காட்டினார். மேடை ஏறியது 1876-இல். இன்றைக்கு அந்தச் சிம்பொனி என்றாலே நமக்கு ஞாபகம் வருவது தொடக்கத்தில் டிம்பனி (பெரிய முரசு) விடாமல் அடிக்க, மேலே வயலின்கள் ஏறுகிற இடம். கிளாரா பார்த்தபோது அது இல்லை. பிறகு சேர்த்தது. அவர் எரித்த தாள்களில் அந்த மாதிரி இன்னும் என்னென்ன இருந்தனவோ.

ஆனால் அதே பிராம்ஸ், இருபது வயதில் எழுதி 1854-இல் வெளியிட்ட பியானோ டிரியோவை (பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்கும் எழுதியது) 1889-இல் எடுத்து, வெட்டித் திருத்திப் புதிதாக்கினார். பழசைத் திரும்பப் பெறவில்லை. இரண்டும் விற்பனையில் இருந்தன. பத்து நிமிடம் வைத்துக் கேட்டாலே போதும், இளைஞர் எங்கே பேசிக்கொண்டே போகிறார், பெரியவர் எங்கே வாயைப் பொத்துகிறார் என்று தெரியும். இசை எழுதப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் எனக்குத் தெரியாது.

ஃபின்லாந்தின் இசையமைப்பாளர் சிபேலியஸையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் சிம்பொனியை 1915-இல் தன் ஐம்பதாவது பிறந்தநாளில் அரங்கேற்றினார். 1916-இல் திருத்தினார், 1919-இல் இன்னொரு தடவை. நான்கு பகுதியாக இருந்தது மூன்றானது. எட்டாவதை எழுதி எழுதிப் பார்த்து, 1940-களில் ஒரு நாள் துணிக்கூடை நிறையத் தாள்களை எடுத்து வந்து வீட்டுக் கணப்பு நெருப்பில் போட்டுவிட்டார். அவர் மனைவி ஐனோ பார்க்க முடியாமல் எழுந்து போய்விட்டாராம். எரித்த பிறகு கணவர் முகம் தெளிந்தது என்றும் அந்த அம்மாவே சொல்லியிருக்கிறார். ஆக, எரித்தால் நிம்மதி கிடைக்காது என்று நான் வாதாடப் போவதில்லை. (நோட்டு எழுதும் கணினி மென்பொருள் ஒன்றுக்கு அவர் பெயர்தான். அதில் தானாகச் சேமிக்கும் வசதி உண்டு.)

உங்கள் பெட்டியைப் பற்றி. முடித்ததைப் போட்டாலும் போடுங்கள், பிரதி யாரிடமாவது இருக்கும். முடிக்காததைப் போடாதீர்கள். அது உலகத்தில் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை தரையில் பரப்பி, பத்துத் தாள் எடுத்து வாசித்துப் பாருங்கள். வெட்கமாக இருக்கும், எனக்கும் இருந்தது. நாலைந்து தாளுக்கு மேல் தொடர முடியாமல் மூடி வைத்தேன். மறு வாரம் திறந்தபோது ஒரு வரி நன்றாக இருந்தது.

அட்டைப் பெட்டி வேண்டாம், ஈரம் ஏறும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, அந்துருண்டை நாலு போட்டு, கட்டில் அடியில் தள்ளிவிடுங்கள். லாரிக்குப் பழைய செய்தித்தாளைக் கட்டிக் கொடுங்கள், வீட்டம்மாவுக்கும் இடம் கிடைத்த திருப்தி.